ஓசோன் ஓட்டை ஆறுகிறதா? வளிமண்டலம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சார், மலை ஏறினால் சூரியனுக்குப் பக்கத்தில்தானே போகிறோம்? அப்புறம் ஊட்டி ஏன் குளிர்கிறது?

சூரியன் இருப்பது 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில். ஊட்டியின் 2,240 மீட்டர் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வெயில் முக்கியமாகத் தரையைத்தான் சூடாக்குகிறது, தரை காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று மேலே ஏறும்போது விரிந்து குளிர்ந்துவிடும். கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும். மழை, மேகம், புயல் எல்லாம் நடக்கும் கீழடுக்கு இதுதான். துருவங்களில் சுமார் 8 கிலோமீட்டர் உயரம், நம் பக்கம் 16 முதல் 18 வரை.

கேள்வி: அதற்கும் மேலே போனால் இன்னும் குளிருமா?

இல்லை. கீழடுக்குக்கு மேலே இருக்கும் மீள் அடுக்கில் ஓசோன் என்ற வாயு சூரியனின் புற ஊதாக் கதிரை விழுங்குவதால் வெப்பம் திரும்ப ஏறும். 50 கிலோமீட்டரைத் தாண்டி, அடுத்து வரும் இடையடுக்கில் மறுபடியும் குளிர்.

கேள்வி: ஆக்சிஜன் ஆரம்பத்திலிருந்தே இருந்ததா அண்ணா?

பூமிக்கு வயது 450 கோடி ஆண்டு. காற்றில் ஆக்சிஜன் தங்கத் தொடங்கியது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். கடலில் வாழ்ந்த சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்களின் வேலை அது. அவை விட்ட ஆக்சிஜனில் பெரும்பங்கை முதலில் கடலில் கரைந்திருந்த இரும்பே வாங்கிக்கொண்டு துருவாகப் படிந்தது. இன்று உலகம் வெட்டியெடுக்கும் இரும்புத்தாதில் பெரும்பகுதி அந்தப் படிவுதான். மிஞ்சிய ஆக்சிஜன் மேலே சேர்ந்த பிறகே ஓசோன் உருவானது.

கேள்வி: ஓசோனை அரிக்கும் வாயு இருந்த ஃபிரிட்ஜ் ஓடியது ஊர்களில். ஓசோன் ஓட்டை மட்டும் ஏன் ஆளில்லாத அண்டார்டிகாவில்?

நல்ல கேள்வி. மேலே இருக்கும் ஓசோன் முழுவதையும் தரைக்குக் கொண்டுவந்து பரப்பினால் சுமார் 3 மில்லிமீட்டர்தான் தேறும், இரண்டு ஒரு ரூபாய்க் காசை அடுக்கிய அளவு. ஃபிரிட்ஜில் இருந்த சி.எஃப்.சி. வாயு மழையில் கரையாது, எதோடும் சேராது. எங்கே கசிந்தாலும் மெல்ல உலகம் முழுக்கப் பரவி மீள் அடுக்குக்கு ஏறிவிடும். அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரின் வெளிவரும். ஓசோனை அழிப்பது அதுதான்.

அண்டார்டிகாவின் குளிர்கால இருட்டில் மேலே மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே போகிறது. அப்போது உருவாகும் மேகத் துகள்கள் மேல் குளோரின் வினைக்குத் தயாராகிறது. செப்டம்பரில் வெயில் திரும்பியதும் அழிப்பு ஆரம்பம். சி.எஃப்.சி. ஓசோனை அழிக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்ற வேதியியல் விஞ்ஞானிகள் 1974-லேயே எச்சரித்தார்கள். 1985-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் அண்டார்டிகாவின் ஹேலி ஆய்வு நிலையத்து ஓசோன் அளவீடுகளை வெளியிட்டபோதுதான் உலகம் அதிர்ந்தது. ஓசோனை அளக்க பிரிட்டன் விஞ்ஞானி டாப்சன் 1920-களில் உருவாக்கிய கருவிகளில் ஒன்று அப்போதே நம் கொடைக்கானலுக்கும் வந்தது. எனக்கு அதில் தனிப் பெருமை.

கேள்வி: இப்போது ஆறுகிறதா? நாங்கள் செய்ய ஏதாவது உண்டா?

ஆறுகிறது. சி.எஃப்.சி. போன்ற வாயுக்களைக் கைவிட 1987-இல் போட்ட மாண்ட்ரியல் உடன்படிக்கையை நாடுகள் உண்மையாகவே கடைப்பிடித்தன. அண்டார்டிகாவில் 1980-இன் நிலை திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்பது 2022 மதிப்பீடு.

ஆனால் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. எங்கள் பழைய ஏசியைக் கழற்ற வந்த தம்பி, பால்கனியில் வால்வைத் திறந்து கேஸை அப்படியே விட்டுவிட்டார். புஸ்ஸென்ற சத்தம், பித்தளை வால்வில் வெள்ளையாக உறைபனி. அது ஆர்-22 என்ற, பழைய ஏசிகளில் குளிரூட்டும் வாயு. ஓசோனையும் அரிக்கும், கரியமில வாயுவைப்போல 1,800 மடங்கு அளவில் சூட்டையும் கூட்டும். புதிய ஏசிகளில் வரும் ஆர்-32 வாயு ஓசோனைத் தொடாது, ஆனாலும் சூட்டைக் கூட்டும். ஆகவே ஏசியை இடம் மாற்றும்போது "பம்ப் டவுன் பண்ணிட்டுக் கழற்றுங்க தம்பி" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெஷினை ஓடவிட்டு வால்வுகளை வரிசையாக மூடினால் கேஸ் வெளி யூனிட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். சில நிமிட வேலைதான்.