சீதபேதிக்கு ஏன் தடுப்பூசி இல்லை?

கேள்வி: என் பேரனுக்கு ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து எல்லாத் தவணையும் கொடுத்திருக்கிறோம். இருந்தும் இரண்டு வயதில் இரத்தமும் சீதமுமாகப் போய்த் துவண்டுவிட்டான். ஷிகெல்லா கிருமிதான் காரணம், அதற்குத் தடுப்பூசி கிடையாது என்கிறார் மருத்துவர். ஏன் இல்லை?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அந்தச் சொட்டு மருந்து தண்ணீராகப் போகும் வயிற்றுப்போக்கைத் தரும் ஒரு வைரஸுக்கு மட்டுமே உரியது. ஷிகெல்லா பாக்டீரியா. 1897இல் ஜப்பானில் தொண்ணூறாயிரம் பேர் சீதபேதியில் விழுந்தபோது அதைக் கண்டறிந்த கியோஷி ஷிகா, அக்கிருமியை வெப்பத்தால் கொன்று, முதல் ஊசியைத் தமக்கே போட்டுக்கொண்டார்; போட்ட இடம் கடுமையாக வீங்கியதுதான் மிச்சம். ஆகவே, முயற்சி இல்லாமல் இல்லை.

சிக்கல் கிருமியின் மேலுறையில் இருக்கிறது. அதன்மேல் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. நம் உடல் கிருமியை அடையாளம் காண்பது பெரும்பாலும் அவற்றை வைத்துத்தான். அந்தச் சங்கிலி வகைக்கு வகை மாறுகிறது. ஷிகெல்லாவில் சுமார் 50 வகைகள் இருப்பதால், ஒன்றுக்கு உண்டான எதிர்ப்பாற்றல் மற்றொன்றிடம் பெரும்பாலும் செல்லாது. எலிக்கு இந்நோய் மனிதருக்கு வருவதுபோல் வருவதில்லை என்பதால், சோதித்துப் பார்ப்பதும் எளிதன்று.

1960களில் யுகோஸ்லாவியாவில் டேவிட் மெல், வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமிகளை இராணுவ வீரர்களுக்கு வாய்வழியாகக் கொடுத்து நல்ல பலன் கண்டார். ஆனால் பல தவணைகள் தேவைப்பட்டன. பின்னர் அமெரிக்காவில் ஜான் ராபின்ஸும் ரேச்சல் ஷ்னீர்சனும் கிருமியின் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்து உருவாக்கிய ஊசி, இஸ்ரேலிய வீரர்களிடம் 74 சதவீதப் பாதுகாப்பு தந்ததாக 1997இல் செய்தி வெளியானது. அதே வழியைக் குழந்தைகளிடம் சோதித்தபோதுதான் ஏமாற்றம்: மூன்று வயதைக் கடந்தவர்களிடம் ஏறத்தாழ 71 சதவீதம் பலித்தது, இரண்டு வயதுக்குட்பட்டவர்களிடம் அநேகமாக ஒன்றுமே இல்லை. இந்நோயால் அதிகம் சாவதோ ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். என் பார்வையில் இந்தத் துறையின் உண்மையான முடிச்சு இதுதான். வகைகளின் எண்ணிக்கைகூட இரண்டாம்பட்சம்.

இப்போது, ஷிகெல்லாவில் அதிகம் பரவும் சோனெய் வகையையும், ஃப்ளெக்ஸ்னெரி என்ற மற்றோர் இனத்தின் மூன்று வகைகளையும் ஒரே ஊசியில் சேர்த்துச் சோதித்து வருகிறார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கே அடங்காத ஷிகெல்லா பெருகிவருவதால் அவசரமும் கூடியிருக்கிறது.

தங்கள் பேரனுக்கு ஒருமுறை வந்துவிட்டதால் இனி வராது என்று இருக்க வேண்டாம். வேறு வகைக் கிருமியால் மீண்டும் வரலாம், அதற்கு நூறு கிருமிகளுக்குக் குறைவாக வயிற்றுக்குள் போனாலே போதும்.