நீட் எழுதாமலே புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போகலாமா? கோத்தகிரித் தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

நீட் எழுதாமலே உங்கள் மகள் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போகலாம். நுரையீரல் புற்றுநோய் ஏன் மருந்துக்குக் கட்டுப்படாமல் போகிறது என்று ஆராய எம்.பி.பி.எஸ். தேவையில்லை. அந்த வேலையில் பாதி வேதியியல்.

தேயிலையில் செஞ்சிலந்திக்கு ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், தப்பிப் பிழைத்தவற்றின் வாரிசுகள் பெருகி, மருந்து கேட்காமல் போகும். கட்டியிலும் நடப்பது இதுதான். செல்லை வளரச் சொல்லும் இ.ஜி.எஃப்.ஆர். புரதத்தில் சடுதிமாற்றம் (மரபணு மாற்றம்) உள்ளவர்களுக்கு ஜெஃபிடினிப் என்ற மருந்தைக் கொடுத்தால் கட்டி சுருங்கும். பெரும்பாலும் ஓராண்டு வாக்கில் மறுபடி வளரும். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அந்தப் புரதத்தின் 790ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் மெத்தியோனின் வந்திருக்கும். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யும் மருந்தும் புரதத்தில் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. புரதம் ஏ.டி.பி.யை முன்னைவிட இறுகப் பிடித்துக்கொள்வதால் மருந்து போட்டியில் தோற்கும். 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒசிமெர்டினிப் என்ற மருந்து, 797ஆம் இடத்துச் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு சகப்பிணைப்பு (எலக்ட்ரான்களைப் பகிரும் உறுதியான பிணைப்பு) போட்டு இதைச் சமாளித்தது. அந்தச் சிஸ்டீன் செரீனாக மாறினால் அந்தப் பிணைப்பும் இல்லை. சில கட்டிகளில் புரதம் மாறுவதே இல்லை. மெட் என்ற வேறொரு மரபணு பல படிகளாகப் பெருகி, வளர்ச்சிக்கான சைகையை மாற்றுப் பாதையில் அனுப்பிவிடும்.

மகளிடம் சிஸ்டீனையும் செரீனையும் வரையச் சொல்லுங்கள். கந்தகம் இருந்த இடத்தில் ஆக்சிஜன், அவ்வளவுதான். 'இதுக்குப் போய் ஏன் மருந்து ஒட்டல?' என்று அவளே நோண்டினால் துறை அவளுக்குப் பொருந்தும். 'புற்றுநோயைக் குணப்படுத்தணும்' என்பதோடு நின்றால் இன்னும் ஒரு வருடம் யோசிக்கலாம்.

ஏனென்றால் பொறுமை நிறைய வேண்டும். மருந்துக்கு அடங்காத செல்களை ஆய்வகத்தில் உருவாக்க, மருந்தின் அளவைச் சிறுகச் சிறுக ஏற்றி ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை வளர்ப்பார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் எல்லாம் செத்துவிடும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் செல்லைத் திரவ நைட்ரஜனில் உறைய வைக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான். மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் புகுந்தால் செல் வளரும் திரவம் கலங்காது, கண்ணுக்கும் தெரியாது. சோதித்துப் பார்க்காதவர் பல மாத முடிவுகளைக் குப்பையில் போட வேண்டிவரும். (செல்லைத் தொட்டால் புற்றுநோய் ஒட்டிக்கொள்ளுமோ என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படித் தொற்றுகிற நோயல்ல.)

படிப்பு: பி.எஸ்சி. வேதியியல், உயிர்வேதியியல் அல்லது பயோடெக்னாலஜி 3 ஆண்டு. பிறகு ஜாம் அல்லது கேட்-பி தேர்வு எழுதி எம்.எஸ்சி. 2 ஆண்டு. பிஎச்.டி.க்கு இன்னும் ஐந்து ஆண்டு பிடிக்கும். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வேறு வழியும் உண்டு: மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர்களின் 5 ஆண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ முடிக்கும் ஆண்டிலோ அடுத்த ஆண்டிலோ ஐ.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். வீட்டுக்குப் பக்கத்திலேயே படிக்க வேண்டுமென்றால் ஊட்டி ஜே.எஸ்.எஸ். பார்மசி கல்லூரியில் பி.பார்ம். 4 ஆண்டு, மருந்து மூலக்கூறில் ஆர்வம் என்றால் இதுவும் நல்ல வாசல்தான்.

'கேன்சர் பயாலஜி' என்று பெயர் வைத்த பட்டப்படிப்பு என்றதும் பணம் கட்டிவிடாதீர்கள். செல் வளர்ப்பு அறை இருக்கிறதா, மாணவர் தன் கையால் வாரம் எத்தனை மணி நேரம் அங்கே வேலை செய்வார் என்று கேளுங்கள். 'பார்க்கலாம்' என்று பதில் வந்தால் அடுத்த கல்லூரிக்கு நடையைக் கட்டுங்கள்.