உணவு உதவி பெறும் வீட்டில் ஒரு குழந்தை மெலிந்தும் இன்னொன்று பருத்தும் இருப்பது ஏன்?

பற்றாக்குறை என்றாலே மெலிவு என்று நினைத்துவிடுகிறோம். கையில் காசு குறைந்தால் முதலில் நிற்பவை காய், பழம், முட்டை, பருப்பு. வயிற்றை நிரப்பும் மாவும் சர்க்கரையும் எண்ணெயும் தொடரும். எடை ஏறும், இரும்புச்சத்து இறங்கும். குழந்தைக்கென்று வரும் பொருளை வீடே பங்கிட்டால் கடைக்குட்டிக்கு எட்டுவது கொஞ்சம்தான்.

உதவி மாதம் ஒருமுறை வந்தால் கடைசி வாரம் இழுபறி. பொருள் வந்ததும் "தட்டை வழித்துச் சாப்பிடு" என்ற வற்புறுத்தல். வயிறு நிறைந்ததை உணரும் இயல்பு அதில் மழுங்குகிறது. மாத உதவியின் அதே அளவை இரண்டு தவணையாகத் தருவது நல்லது.

புதிய காயைக் குழந்தை ஏற்க 8 முதல் 15 முறைகூட ஆகலாம். துப்பினால் வீண் என்று பயப்படும் தாய் இரண்டாவது முறையே நிறுத்திவிடுகிறார்; அவரைக் குறை சொல்ல முடியாது. பெரியவர்களுக்குச் சமைத்ததிலிருந்து உப்பு, காரம் சேர்க்கும் முன் ஒரே ஒரு கரண்டி எடுத்து வையுங்கள். இழப்பு அவ்வளவுதான்.

1 முதல் 3 வயதுவரை பழச்சாறு நாளுக்கு 120 மில்லிக்குள் போதும். பசும்பால் 700 மில்லியைத் தாண்டினால் சாப்பாடு இறங்காது, இரத்தசோகை வரலாம்.

எடையை மட்டும் பார்க்காதீர்கள், உயரத்துக்கேற்ற எடையைப் பாருங்கள். 6 மாதம் முதல் 5 வயதுக்குள் மேல்கைச் சுற்றளவு 115 மி.மீ.க்குக் கீழ் போனால் அது கடும் ஊட்டக்குறைவு; உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.