கீறினால் என்ன ஆகும்? முலாமும் துருவும் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: துத்தநாக முலாம் பூசிய இரும்புத் தகட்டில் கீறல் விழுந்து இரும்பு தெரிகிறது. துருப்பிடித்துவிடுமா?

பதில்: மெல்லிய கீறல் என்றால் விட்டுவிடலாம். ஈரம் பட்டால் அக்கம்பக்கத்துத் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். வெள்ளீய முலாமில் பொதுவாக இது தலைகீழ். கீறிய இடத்தில் இரும்புதான் முதலில் கரையும். முலாமே இல்லாத இரும்பைவிட வேகமாக அங்கே ஓட்டை விழலாம். பளபளப்பைப் பார்த்து முலாமைத் தேர்ந்தெடுப்பவர்கள் கேட்க மறக்கும் கேள்வி, கீறினால் என்ன ஆகும் என்பதுதான். அகலமாக உரிந்திருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, துத்தநாகத் தூள் மிகுந்த பெயின்ட் பூசுங்கள்.

கேள்வி: ஒரு போல்ட் பளபளக்கிறது, இன்னொன்று மங்கிய சாம்பல் நிறம். இரண்டுமே துத்தநாக முலாம்தான் என்கிறார்கள்.

பதில்: உண்மைதான். பளபளப்பது மின்முலாம், பெரும்பாலும் 5 முதல் 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மங்கியது சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது. 40, 50 மைக்ரான் என்று தடிமன் இருக்கும். திறந்தவெளியில் துத்தநாகத்தின் ஆயுள் ஏறக்குறைய தடிமனைப் பொறுத்தது. எனவே அழுக்காகத் தெரிவதையே எடுங்கள். அதற்கென மரை அகலப்படுத்திய நட்டையும் சேர்த்தே வாங்குங்கள். சாதாரண நட் பாதியிலேயே இறுகி நின்றுவிடும்.

கேள்வி: கடலோர வீடு. 304 ரக எவர்சில்வர் கைப்பிடியில் பழுப்புப் புள்ளிகள். காந்தமும் லேசாக ஒட்டுகிறது. போலியா?

பதில்: காந்தத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அசல் 304-ஐயும் வளைத்தால், இழுத்தால் லேசாக ஒட்டும். எவர்சில்வரைக் காப்பது சில நானோமீட்டர் தடிமனே உள்ள குரோமியம் ஆக்சைடு படலம். உப்பிலுள்ள குளோரைடு அதைத் துளைத்துவிடும். கைப்பிடியின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மழை கழுவாத அங்கேதான் புள்ளிகள் அதிகம் இருக்கும். நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவித் துடையுங்கள், இரும்பு நார் வேண்டாம். மாற்றுவதானால் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உள்ள 316 ரகம். அதற்கும் கழுவல் வேண்டும்!

கேள்வி: அலுமினியத் தகட்டில் எவர்சில்வர் போல்ட். சுற்றிலும் வெண்பொடி. அலுமினியத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்தால் போதுமா?

பதில்: அதை மட்டும் செய்யாதீர்கள். கரைவது அலுமினியம். அதை மூடிவிட்டு எவர்சில்வரைத் திறந்து வைத்தால், பெயின்டில் விழும் ஊசித்துளை ஒன்றிலேயே அரிப்பு முழுவதும் குவிந்துவிடும். இரண்டுக்கும் பூசுங்கள், ஒன்றுக்குத்தான் முடியும் என்றால் எவர்சில்வருக்கு. நைலான் வாஷரும் போல்ட்டின் தண்டைச் சுற்றி நைலான் குழலும் போட்டு உலோகங்களைப் பிரிப்பது அதைவிட நல்லது.

கேள்வி: உப்புமூட்டச் சோதனையில் 500 மணி நேரம் தாங்கியதாம். அது எத்தனை வருடம்?

பதில்: கணக்குப் போட முடியாது. அந்தப் பெட்டிக்குள் 35 டிகிரியில் 5 சதவீத உப்புநீர் ஓயாமல் தூவப்படும். காய இடைவெளியே கிடையாது. வெளியில் நனைந்து காயும்போதுதான் துத்தநாகத்தின் மேல் காப்பான கார்பனேட் படலம் உருவாகிறது. ஒரே முலாமின் இரண்டு தொகுதிகளை ஒப்பிட அந்த எண் உதவும். விளம்பரத்துக்கும் உதவுகிறது.

கேள்வி: அடுக்கி வைத்த புதுத் துத்தநாக முலாம் தகடுகளுக்கு இடையே வெள்ளை மாவு.

பதில்: இடுக்கில் நீர் தேங்கிக் காற்று புகாததால் வந்தது. நைலான் தூரிகையால் தேய்த்து, இடையே கட்டை கொடுத்துச் சாய்த்து வையுங்கள். மாவுக்கு அடியில் கருத்துக் குழி விழுந்திருந்தால் முலாமின் தடிமனை அளந்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.