மகளுக்கு டெஸ்டிங் வேலை, அனுப்பலாமா?

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். மகள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருக்கிறாள். இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்கில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை கிடைத்திருக்கிறது. மதியம் 2 மணியிலிருந்து இரவு 11 வரை ஷிப்ட். பெங்களூரில் டெவலப்பராக இருக்கும் என் மச்சினன் மகன், "புரோகிராம் கோடு எழுதத் தெரியாதவங்க பாக்குற வேலை மாமா அது. வெளிநாட்டுக்காரன் குடுக்குறது, நாளைக்கே நின்னுடும்" என்கிறான். மகளோ போயே தீருவேன் என்கிறாள். என்ன செய்யட்டும்?
- ஒரு தகப்பன், வண்டியூர்

பதில்: அண்ணே, போகட்டும். நானும் பதினெட்டு வருடம் டெஸ்டிங்கில் இருந்தவள்தான். அதனால் தம்பி சொன்னதில் முதல் பாதியை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டாவது பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

உங்கள் கடையை வைத்தே சொல்கிறேன். பில் போட ஒருவர் சாஃப்ட்வேர் எழுதித் தருகிறார், கிலோ விலைக்கு மூன்று இலக்கம் அளவுக்குத்தான் இடம் விட்டிருக்கிறார் என்று வையுங்கள். மல்லி வரத்து கொட்டும் கோடையில் ஒன்றும் தெரியாது. மார்கழிப் பனியில் வரத்து குறைந்து, பொங்கலும் தை முகூர்த்தமும் சேர்ந்து விலை ஆயிரங்களில் ஏறும் காலையில், நீங்கள் 2,500 என்று அடித்தது 250 என்று பதிவாகும். எழுதியவர் கெட்டிக்காரர்தான், ஆனால் அவருக்குப் பூ வியாபாரம் தெரியாது. "விலை 999-ஐத் தாண்டினால்? கால் கிலோ கேட்டால்? பில் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால்?" என்று உட்கார்ந்து யோசித்து, ஒவ்வொன்றையும் போட்டுப் பார்ப்பவர்தான் டெஸ்டர். கோடு எழுதுவதற்கு இது எந்த விதத்திலும் குறைந்த வேலை இல்லை.

இதே இடப் பற்றாக்குறைதான் இந்த வேலையைப் பெரிய அளவில் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் நினைவகம் விலை அதிகம். அதனால் 1975 என்ற வருடத்தை 75 என்று இரண்டே இலக்கத்தில் எழுதி வைத்தார்கள். 2000 பிறந்தால் அது 00 ஆகிவிடும். அதைக் கம்ப்யூட்டர் 1900 என்று எடுத்துக்கொண்டால் வட்டி, இன்ஷூரன்ஸ், சம்பளம் எல்லாம் குழம்பும். கோபோல் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதியிருந்தவற்றை வரி வரியாகத் தேடித் திருத்தவும், திருத்தியது சரியா என்று சோதிக்கவும் அமெரிக்காவில் ஆள் போதவில்லை. 90களின் பின்பாதியில் இந்திய கம்பெனிகள் அதை எடுத்துச் செய்தன. 2000 வந்ததும் எல்லாம் முடிந்துவிடும் என்று அப்போதும் பேசினார்கள். ஆனால் நம் ஆட்களோடு பழகிய கம்பெனிகள் அடுத்த வேலையையும் இங்கேயே கொடுத்தன.

நேரக் கணக்கும் நமக்குச் சாதகமானது. நியூயார்க்கில் மாலை 6 மணி என்றால் நமக்கு விடிகாலை 4.30, அங்கே கோடை என்றால் 3.30. அவர்கள் அனுப்பிவிட்டுத் தூங்கப் போவதை நம் ஆட்கள் சோதித்து, அவர்கள் காலையில் வந்து உட்காரும்போது பக், அதாவது சாஃப்ட்வேரில் உள்ள பிழைகளின் பட்டியலைக் கையில் கொடுத்துவிடலாம். மகளுக்கு ராத்திரி வரை ஷிப்ட் இருப்பதும் அவர்களோடு பேசுவதற்காகத்தான் இருக்கும். நீங்கள் மார்க்கெட்டுக்குக் கிளம்புவது விடிகாலை, அவள் வீடு திரும்புவது நள்ளிரவு. இரண்டு பேரும் உட்கார்ந்து பேச ஒரு நேரத்தை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, "நின்னுடும்" என்பதற்கு வருகிறேன். செலவு குறைவு என்று வந்த வேலை, இன்னும் குறைவான இடம் கிடைத்தால் அங்கே போகும். ஒரே பட்டனைத் தினமும் அழுத்திப் பார்க்கும் வேலையை, 2004-இல் வந்த செலினியம் போன்ற தானாகவே சோதிக்கும் கருவிகள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டன. இப்போது ஏ.ஐ. வேறு வந்திருக்கிறது. அதனால் சேரும்போதே அவள் ஒன்றைக் கேட்கட்டும்: "எதை எப்படிச் சோதிக்க வேண்டும் என்ற டெஸ்ட் கேஸை நானே எழுதுவேனா, யாரோ எழுதியதை ஓட்டிப் பார்ப்பேனா?" முதல் வருடம் ஓட்டிப் பார்க்கட்டும், தப்பில்லை. இரண்டாவது வருடமும் அதே என்றால் வேறு இடம் தேட வேண்டியதுதான். அதற்குள் தகவல் தொகுப்பில் தேட உதவும் எஸ்.க்யூ.எல்., பைதான் அல்லது ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழி, அப்புறம் செலினியம் பழகிவிடட்டும். டெஸ்டர்களுக்குச் சான்றிதழ் தரும் ஐ.எஸ்.டி.க்யூ.பி. அடிப்படைத் தேர்வு 40 கேள்விதான், 26 சரியாக இருந்தால் பாஸ். அதை நிதானமாக எழுதிக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், பக்கைத் தெளிவாக எழுதுவது. டெவலப்பர் கடல் தாண்டி இருக்கிறார், அவருக்குக் கிடைப்பது இவள் எழுதும் நாலு வரிதான். "பில் வேலை செய்யவில்லை" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. "1,000 கொடுத்தேன், 100 பதிவானது, 1,000 பதிவாகியிருக்க வேண்டும்" என்று எழுதினால் திருத்துவார்.

என் அனுபவம் ஒன்றையும் அவளிடம் சொல்லுங்கள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு கடன் சாஃப்ட்வேரைச் சோதித்தேன். பிப்ரவரி 29 அன்று கடன் வாங்கியவருக்கு அடுத்த வருடத்துத் தவணைத் தேதியே விழவில்லை. "சாஃப்ட்வேரை வெளியிடும் நேரத்தில் இதைத் தூக்கிக்கொண்டு வராதே, அன்றைக்கு யார் கடன் வாங்கப்போகிறார்" என்று மேலாளர் அந்த பக்கை மூடச் சொன்னார். பயந்துபோய் மூடிவிட்டேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது. அவளிடம் யாராவது அப்படிச் சொன்னால், சொன்னவர் பெயரோடு அதை எழுதிவைத்துவிட்டு பக்கைத் திறந்தே வைக்கட்டும்.

ராத்திரி கம்பெனி வண்டி வீட்டு வாசல் வரை வருமா என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்குங்கள். டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டலாம், ஒப்படைக்கக் கூடாது. ஆஃபர் லெட்டரில் பாண்ட், அதாவது இத்தனை வருடம் வேலையை விடக் கூடாது என்ற ஒப்பந்தம் ஏதாவது இருந்தால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு நகலை எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.