கேமராவை மூடினாலும் லென்ஸ் உள்ளேயே இருக்க வேண்டுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: “பெட்டியாக மடங்கும், 4×5 அங்குல ஃபிலிம் போடும் பழைய கிரவுன் கிராஃபிக் கேமரா ஒன்று லென்ஸ் இல்லாமல் கிடைத்திருக்கிறது. மலைப்பக்கம் நடந்துபோய் இயற்கைக் காட்சிகள் எடுக்கவும், ஊருக்குள் பழைய கட்டடங்களை எடுக்கவும் ஆசை. லென்ஸைக் கழற்றாமல் அப்படியே மூடிப் பையில் போட வேண்டும். 150 மி.மீ. வாங்கச் சொல்கிறார் ஒரு நண்பர், 90 வாங்கச் சொல்கிறார் இன்னொருவர். எது உள்ளே அடங்கும்?”

நண்பர்கள் இருவரும் குவியத் தூரத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள் (எண் சிறிதானால் படத்தில் விழும் காட்சி அகலம்). லென்ஸ் அடங்குமா என்பதை அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. 90 மி.மீ. லென்ஸ்களையே பாருங்கள். ஷ்னைடரின் பழைய ஆங்குலான் எஃப் 6.8 (எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் கூடுதல்) உள்ளங்கைக்குள் மறையும் அளவுதான். அதே நிறுவனத்தின் சூப்பர் ஆங்குலான் எஃப் 8-க்கு 67 மி.மீ. ஃபில்டர் வேண்டும், முன்னும் பின்னும் கண்ணாடி புடைத்துக்கொண்டு நிற்கும். குவியத் தூரம் ஒன்றுதான், ஆனால் மூடும்போது இரண்டும் வேறு வேறு லென்ஸ். நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்று: லென்ஸ் போர்டுக்கு (லென்ஸை மாட்டும் பலகை) முன்னால் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, பின்னால் எவ்வளவு, ஷட்டரோடு சேர்த்துக் குறுக்களவு எவ்வளவு.

எனவே பணம் கொடுக்கும் முன் உங்கள் கேமராவை அளந்துவிடுங்கள். கிராஃபிக்கை மூடும்போது முன் ஸ்டாண்டர்டு (லென்ஸ் போர்டைத் தாங்கும் சட்டம்) பெட்டிக்குள் தள்ளப்படுகிறது; முன்னால் விரிந்திருக்கும் படுக்கைப் பலகை கீல் போட்ட கதவாக மேலெழுந்து மூடுகிறது. அந்தக் கதவின் உட்பக்கத்தில் ஸ்டாண்டர்டு நகரும் ரெயில்கள் இருக்கின்றன. லென்ஸின் மூக்குக்குக் கிடைக்கும் இடம் ரெயில் வரைக்கும்தான், கதவு வரைக்கும் இல்லை. ஒல்லியான லென்ஸாக இருந்தால் மூக்கு இரண்டு ரெயில்களுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பருமனானது ரெயில் விளிம்பில் முட்டும். கதவு வட்டமாகச் சுழன்று வருவதால், முழுதாக மூடுவதற்கு முன்பே லென்ஸின் கீழ் விளிம்பில் இடிக்கும் லென்ஸ்களும் உண்டு. ஸ்கேல் வைத்து இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அட்டையில் ஒரு பொம்மை லென்ஸ் செய்துகொள்ளுங்கள். வாங்க நினைக்கும் லென்ஸின் முன்பக்கக் குறுக்களவில் அட்டையைக் குழாயாகச் சுருட்டி, வெறும் லென்ஸ் போர்டில் ஒட்டுங்கள். நுனியில் விரல்கடை அளவு மாடலிங் களிமண்ணை வைத்து, மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். களிமண் எங்கே, எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதிலிருந்து இடைவெளி துல்லியமாகத் தெரிந்துவிடும். லென்ஸ் மூடியின் தடிமனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள மறக்காதீர்கள். இந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டு விற்பவரிடம் “போர்டிலிருந்து முன் விளிம்பு வரை எத்தனை மி.மீ.?” என்று கேளுங்கள். பின்பக்கம் கிராஃபிக்கில் அவ்வளவு தொல்லை தராது. கிரவுண்ட் கிளாஸ் (ஃபோகஸ் பார்க்கப் பிம்பம் விழும் மங்கல் கண்ணாடி) வரை பெட்டிக்குள் இடம் இருக்கிறது. மெல்லிய மரக் கேமராக்களில்தான் லென்ஸின் பின்பக்கக் கண்ணாடி கிரவுண்ட் கிளாஸைத் தொட்டுவிடுமோ என்று பார்க்க வேண்டும்.

அளவில் அடங்கினால் மட்டும் போதாது. கட்டடம் எடுக்கப் போகிறீர்கள். கோடுகள் சாயாமல் இருக்க லென்ஸை மேலே உயர்த்துவீர்கள். அதற்கு லென்ஸ் தரும் பிம்ப வட்டம் (ஃபிலிம் இருக்கும் இடத்தில் லென்ஸ் வீழ்த்தும் வட்டமான பிம்பம்) பெரிதாக இருக்க வேண்டும். 4×5 ஃபிலிமில் படம் பதியும் பரப்பு சுமார் 95×120 மி.மீ., அதன் மூலைவிட்டம் 153. ஆங்குலான் 90-இன் வட்டம் 154 மி.மீ. கணக்குப் போட்டால், படத்தைக் கிடையாக எடுக்கும்போது ஒரு மில்லிமீட்டர்கூட உயர்த்த முடியாது. மூடிய கேமராவுக்குள் அழகாக அடங்கும் லென்ஸ்தான். கட்டட வேலைக்கு மட்டும் உதவாது. நிக்கானின் நிக்கார் டபிள்யூ 135 எஃப் 5.6-இன் வட்டம் 200 மி.மீ. அதில் 32 மி.மீ. வரை உயர்த்தலாம். கிரவுன் கிராஃபிக்கின் ஸ்டாண்டர்டுக்கு அது தாராளம்.

அதனால் உங்களுக்கு என் பரிந்துரை, கோப்பால் 0 என்ற சிறிய அளவு ஷட்டரில் வரும் 135 மி.மீ. எஃப் 5.6 லென்ஸ். நிக்கார், ஃபூஜினான், ரோடன்ஸ்டாக் சிரோனார் என், ஷ்னைடர் சிம்மார் எஸ் எல்லாமே இந்த வகையில் உண்டு; படத்தின் தரத்தில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் தேட வேண்டாம். களிமண் சோதனையில் எது தேறுகிறதோ அதை எடுங்கள். நிக்கார் 135 சுமார் 200 கிராம்தான், ஃபில்டர் 52 மி.மீ. நிக்கான் 2006-இல் பெரிய ஃபார்மட் (4×5 போன்ற பெரிய ஃபிலிமுக்கான) லென்ஸ்களை நிறுத்திவிட்டதால் பழையதுதான் கிடைக்கும். 150 மி.மீ. பார்வைதான் பிடிக்கும் என்றால், எஃப் 5.6-ஐ விட மெலிந்த ஃபூஜினான் டபிள்யூ 150 எஃப் 6.3-ஐத் தேடுங்கள். ஜி-கிளாரான் 150 எஃப் 9 இன்னும் சிறியது. ஆனால் கிரவுண்ட் கிளாஸ் எஃப் 5.6-ஐ விட ஒன்றேகால் ஸ்டாப்புக்கு மேல் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி) இருட்டாக இருக்கும். விடியற்காலையில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு ஃபோகஸ் பார்ப்பவருக்கு அது பெரிய சுமை.

கையில் காசு குறைவென்றால், இந்தக் கேமராவோடு அந்தக் காலத்தில் விற்ற 135 எஃப் 4.7 ஆப்டார் அல்லது சேனார் போதும். எந்த வாக்குவாதமும் இல்லாமல் உள்ளே அடங்கும், வெளிச்சமாகவும் இருக்கும். உயர்த்த மட்டும் இடம் மிகக் குறைவு. அவற்றின் பழைய ஷட்டர்களில் 1 வினாடி, 1/2 வினாடி வேகங்கள் சொன்ன நேரத்தைவிட இழுத்துக்கொள்ளலாம். ஓடவிட்டுக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

லென்ஸ் வந்ததும் செய்ய வேண்டிய ஒரு வேலை பலருக்குத் தெரிவதில்லை. கோப்பால் ஷட்டரின் முதுகில் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். போர்டில் ஷட்டர் சுழலாமல் பிடித்துக்கொள்வதற்கு. அதைக் கழற்றிவிட்டால் ஷட்டரை எந்தக் கோணத்திலும் திருப்பி இறுக்கலாம். கேபிள் ரிலீஸ் (ஷட்டரை இயக்கும் கம்பி) மாட்டும் துளையும் நெம்புகோல்களும் ஸ்டாண்டர்டின் கால்களிலோ பெட்டியின் ஓரத்திலோ இடிக்காத கோணத்தைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். ‘அடங்கவில்லை’ என்று திருப்பி அனுப்பப்படும் லென்ஸ்களில் இப்படித் திருப்பினாலே அடங்கக்கூடியவை உண்டு.

மூடும்போது அவசரம் வேண்டாம். கேபிளைக் கழற்றி, ரெயிலை முழுக்கப் பின்னால் சுழற்றி, உயர்த்தியதையும் சாய்த்ததையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, ரெயிலில் உள்ள இன்ஃபினிட்டி ஸ்டாப்களை (தொலைதூர ஃபோகஸில் ஸ்டாண்டர்டை நிறுத்தும் தடுப்புகள்) படுக்க வைத்த பிறகே ஸ்டாண்டர்டை உள்ளே தள்ளுங்கள். கதவு தடுத்தால் அழுத்தாதீர்கள். இவற்றில் ஏதோ ஒன்றை விட்டிருப்பீர்கள். அந்த ஸ்டாப்களையும் ரேஞ்ச்ஃபைண்டரையும் (தூரம் பார்த்து ஃபோகஸ் செய்ய உதவும் கருவி) முந்தைய உரிமையாளர் தன் லென்ஸுக்கு ஏற்றபடி வைத்திருப்பார். கிரவுண்ட் கிளாஸில் தொலைதூரப் பொருளைக் கூர்மையாக்கி, ஸ்டாப்களை உங்கள் லென்ஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ரேஞ்ச்ஃபைண்டர் மேலே உள்ள மாடலென்றால் உள்ளிருக்கும் கேமையும் (லென்ஸுக்கேற்ற வளைவுத் தகடு) மாற்ற வேண்டும். முக்காலியில் வைத்துத்தான் எடுப்பீர்கள் என்றால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

90 மி.மீ. ஆசையை இரண்டாவது லென்ஸுக்கு ஒதுக்கி, தனிப் போர்டில் பையின் ஓரத்தில் வையுங்கள். நீண்ட லென்ஸ் வேண்டுமென்றால் நிக்கார் எம் 200 எஃப் 8-ஐயும் பொம்மை செய்து சோதித்துப் பாருங்கள். 180 கிராம்தான், 135-ஐ விட எடை குறைவு.

நம் ஊர் ஈரப்பதத்துக்காக இன்னொன்று: லென்ஸோடு மூடிய கேமராவை மாதக்கணக்கில் அப்படியே வைக்காதீர்கள். பெல்லோஸுக்குள் (லென்ஸுக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள மடிப்பு உறை) ஈரம் தங்கினால் பூஞ்சை முதலில் பிடிப்பது லென்ஸின் பின்பக்கக் கண்ணாடியைத்தான். பயணம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் லென்ஸைக் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்துவிடுங்கள்.