டெஸ்டர் எரிந்தால் போதுமா?

அன்புள்ள சார்,

ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறேன். 22 தொழிலாளர்களுக்கு 3 நாளில் அடிப்படை மின்சாரமும் சர்க்யூட்டில் ஃபால்ட் பார்ப்பதும் சொல்லித்தரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பாதிப் பேர் ஐடிஐ முடித்தவர்கள், மீதி ஒப்பந்தத் தொழிலாளர்கள். மின்னழுத்தம், மின்தடை என்று தமிழில் சொல்வதா, வோல்டேஜ், ரெசிஸ்டன்ஸ் என்றே சொல்வதா? கம்ப்யூட்டர் சிமுலேட்டர் வாங்கித் தருவதாக நிர்வாகம் சொல்கிறது, பயன்படுமா? இவர்களுக்கு தியரியில் ஆர்வமே கிடையாது. டீக்கும் போண்டாவுக்கும்தான் வகுப்புக்கு வருவார்கள். நல்ல மல்டிமீட்டர் 2 இருக்கின்றன, உடைத்துவிடுவார்கள் என்று பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம்.

மு., ஒரகடம்

அன்புள்ள மு.,

போன வாரம் எங்கள் குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் நின்றுபோனது. வந்த எலக்ட்ரீஷியன் தம்பி டெஸ்டரை வைத்தார், எரிந்தது. "லைன் வருது சார், காயில்தான் போயிருக்கும்" என்றார். காயில் மாற்றினார், ஓடவில்லை. புஷ் பட்டன் மாற்றினார். கடைசியில் ஸ்டார்டரையே மாற்றினார், ஓடியது. எது கெட்டிருந்தது என்று அவருக்கும் தெரியாது, காசு கொடுத்த எங்களுக்கும் தெரியாது. அந்தக் கடுப்பு அடங்குவதற்குள் உங்கள் கடிதம்.

போண்டாவை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு ஷிஃப்ட் முழுக்க மெஷின் முன்னால் நின்றுவிட்டு வருகிறவருக்குப் போண்டாவில் ஆர்வம் இருந்தால் என்ன தப்பு? 1827-ல் ஓம் வெளியிட்ட விதியைப் பலகையில் எழுதி, மூன்று ரெசிஸ்டரைப் பேரலலில் போட்டு மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் நானும் போண்டாவைத்தான் பார்ப்பேன். சிமுலேட்டர் இருந்தால் இருக்கட்டும். அதில் ஸ்க்ரூ லூஸ் ஆகாது.

சொல் விஷயம். வோல்டேஜ் என்றே சொல்லுங்கள். ஆனால் உங்களுக்குத் தொல்லை தரப்போவது அந்தச் சொல் இல்லை, 'கரண்ட்'. நமக்கு எல்லாமே கரண்ட்தான். கரண்ட் போச்சு, கரண்ட் கம்மியா வருது, கரண்ட் அடிச்சிடுச்சு, கரண்ட் பில். மெட்ரோ வாட்டர் லாரி மாதிரி, வந்ததா வரலையா என்பது மட்டுமே கேள்வி. அந்த ஒரு கேள்விக்கென்றே செய்ததுபோல டெஸ்டர் சட்டைப்பையில் குத்தி நிற்கிறது.

நானும் அந்த ஜாதிதான். 1986-ல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் அப்ரண்டிஸ். ஒரு பவர் பிரஸ்ஸின் கான்டாக்டர் (காயில் காந்தமாகி இரும்பை இழுத்து மோட்டாருக்கு லைன் கொடுக்கிற ஸ்விட்ச்) சரியாக இழுக்காமல் கர்ரென்று அதிரும். கொஞ்ச நேரத்தில் காயில் புகையும். டெஸ்டரை வைத்தேன். காயிலின் ஏ1 முனையில் பளிச்சென்று எரிந்தது. லைன் வருகிறது, அப்போது காயில்தான் மட்டம் என்று மாற்றினேன். புதுசும் எரிந்தது. இன்னொன்று போட்டேன், அதுவும் போனது. மூன்றாவது கேட்டுப் போனபோது ஸ்டோர்காரர் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

எங்கள் ஹெட் எலக்ட்ரீஷியன் எட்டாவது வரை படித்தவர். எல்லோருக்கும் அவர் 'அண்ணே'. மோட்டார் ஃபியூஸ்களைக் கழற்றச் சொன்னார். என்னை ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, முள் மீட்டரைக் காயிலின் ரெண்டு முனைகளிலும் வைத்தார். 230 காட்ட வேண்டிய முள் 150 பக்கத்தில் ஆடியது.

"மீதி எங்கடா போச்சு?"

விழித்தேன். அவர் ஸ்டாப் பட்டனின் ரெண்டு பக்கமும் வைத்தார்: பூஜ்யம். மூடியிருக்கிற கான்டாக்டின் குறுக்கே ஒன்றும் நிற்கக் கூடாது, சரி. ஸ்டார்ட் பட்டன்: பூஜ்யம். அப்புறம், மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் துண்டிக்கிற ஓவர்லோட் ரிலேயின் 95, 96 முனைகள். அதுவும் மூடியே இருக்க வேண்டியதுதான். முள் எழும்பி நூறுக்குக் கிட்டே போய் ஆடியது. மெயினை ஆஃப் செய்துவிட்டுத் தொட்டால் ஸ்க்ரூ விரலோடு சுற்றியது. பிரஸ் அதிர்ந்து அதிர்ந்து லூஸாகி, ஒயர் நுனி கருகிக் கிடந்தது. (150-உம் நூறும் 230-ஐத் தாண்டுகிறதே என்று யாரும் எழுத வேண்டாம். காயில் உள்ள ஏசி சர்க்யூட்டில் அப்படி நேராகக் கூட்ட முடியாது.)

டெஸ்டர் என்னை எப்படி ஏமாற்றியது? அதற்குள் ஒரு மெகா ஓம் அளவில் ரெசிஸ்டர் இருக்கிறது. அது வழியாக, என் உடம்பு வழியாகத் தரைக்குப் போகும் கரண்ட் ஒரு மில்லியாம்பியர்கூட இல்லை. அந்தத் துளிக்குக் கருகிய நுனியே தாராளம். காயிலின் பசிக்கு அது போதாது. வீட்டில் நியூட்ரல் விட்டுப்போனால் ப்ளக்கின் ரெண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரியும், ஃபேன் சுற்றாது. அதே கதைதான். வோல்டேஜ் என்பது ரெண்டு இடங்களுக்கு நடுவே உள்ள சமாச்சாரம். ஒரே இடத்தைத் தொட்டுவிட்டு 'வருது' என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. மூன்று நாளும் இந்த ஒன்றையே சொன்னாலும் தகும்.

எனக்கு அன்று வேறொரு சந்தேகமும் வந்தது. வோல்டேஜ் குறைந்தால் கரண்ட்டும் குறையும்தானே, காயில் ஏன் எரிய வேண்டும்? அண்ணே கான்டாக்டரின் இரும்பை விரலால் அழுத்தி மூடிக் காட்டினார். "இது வாயை மூடினாத்தான் காயில் அடங்கும்." ஏசி காயிலில் கரண்ட்டைப் பிடித்து வைப்பது கம்பியின் ரெசிஸ்டன்ஸ் மட்டும் இல்லை, இரும்பு ஒட்டியதும் கூடுகிற இண்டக்டன்ஸ்தான் (மாறுகிற கரண்ட்டை எதிர்க்கும் காயிலின் குணம்) பெரிய பங்கு. இழுக்கும் நொடியில் பல மடங்கு கரண்ட் எடுக்கும், மூடியதும் இறங்கிவிடும். வோல்டேஜ் போதாமல் வாய் பாதி திறந்தே அதிர்ந்தால், அந்த நொடிக்கான கரண்ட் நிமிஷக்கணக்கில் ஓடும். காயில் என்ன செய்யும்?

இதெல்லாம் தியரி இல்லாமல் வேறென்ன? காயில் எரித்தவனுக்கு ஆர்வம் தானாக வந்தது. உங்கள் ஆட்களுக்கு எரிக்க எதைக் கொடுத்தீர்கள்? 22 பேர், 2 மீட்டர், அதுவும் பீரோவுக்குள். நீச்சல் வகுப்புக்கு ஆள் சேர்த்துவிட்டுக் குளத்தைப் பூட்டுகிற கதை. ஆம்பியரில் வைத்துக்கொண்டு வோல்ட் பார்ப்பார்கள், ஃபியூஸ் போகும். போகட்டும், மாற்றுங்கள். சிமுலேட்டர் பணத்தில் இன்னும் ஒன்பது மீட்டர் வாங்குங்கள், ரெண்டு பேருக்கு ஒன்று. நாளைக்கு 415 வோல்ட் பேனலில் இதே மீட்டரோடுதான் நிற்கப்போகிறார்கள், அதனால் கேட் 3 தரம் (இந்த மாதிரி பேனலில் திடீரென்று எகிறும் வோல்டேஜைத் தாங்கும் பாதுகாப்புத் தரம்) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மலிவு மாலில் வேண்டாம்.

முதல் நாள் காலையில் பேசாமல் ஒரு பலகையில் ஸ்டார்ட், ஸ்டாப், ஓவர்லோட், கான்டாக்டர் எல்லாம் மாட்டி 24 வோல்ட் கொடுங்கள். ஏதாவது ஒரு முனையில் ஒயருக்கு அடியில் துண்டு டேப் ஒளித்து வையுங்கள். எப்படியும் நாலு பேர் டெஸ்டரை எடுப்பார்கள். எடுக்கட்டும். 24 வோல்ட்டில் அது எரியவே எரியாது.